எதிரில் இருப்பவர் பேசும்போது

ஒரு நடிகர் நல்ல நடிகரா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிமையானது. அவர் வசனம் பேசும் இடத்தைக் கவனிப்பதில்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது இவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிறாரா, இல்லை அந்தப் பேச்சு காதுக்குள் இறங்கி முகத்தில் ஏதாவது செய்கிறதா?

தியேட்டரில் இதைக் கவனிப்பது கஷ்டம். விசில், பின்னணி இசை, அகலமான திரை எல்லாம் சேர்ந்து நடிகரின் வேலையில் பாதியைச் செய்துவிடும். வீட்டில், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, சின்னத் திரையில் ஒரு முகத்தை எட்டு எபிசோட் பார்க்கும்போது அந்த உதவியெல்லாம் கிடையாது. ரிமோட் கையில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் பத்து விநாடி முன்னே தள்ளிவிடலாம். ஓடிடி வந்த பிறகு எனக்குப் பிடித்த நடிகர்களின் பட்டியல் மாறிப்போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். முன்பு பட்டியலின் உச்சியில் இருந்த சிலர் இறங்கிவிட்டார்கள். பட்டியலிலேயே இல்லாத சிலர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலில் கதிர். 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வந்த 'சுழல்' தொடரில் சக்கரை என்ற எஸ்.ஐ. அவர். புஷ்கர் - காயத்ரி எழுதி உருவாக்கிய தொடர், பிரம்மாவும் அனுசரணும் இயக்கியது. சிமென்ட் ஆலையில் தீ, காணாமல் போன ஒரு பெண், மயானக் கொள்ளைத் திருவிழா என்று அதில் கவனத்தை இழுக்க ஆயிரம் விஷயங்கள் இருந்தன. முகமூடிகளும் வண்ணப் பொடியும் திரையை நிறைத்தபடியே இருக்கும். இத்தனைக்கும் நடுவில் கதிர் ஒரு சத்தமும் போடாமல் நிற்கிறார். மேலதிகாரி ரெஜினா மேல் அவருக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைத் தனி வசனம் வைத்து யாரும் சொல்லவில்லை. ரெஜினாவாக வரும் ஸ்ரேயா ரெட்டி பேசுகிறார், கதிர் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் அந்தக் கேட்பதில் ஒரு சதவீதம் குறைகிறது. அவ்வளவுதான். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கல்லூரி முதல்வராக வரும் பூ ராமு பேசும் காட்சியை நினைத்துப் பாருங்கள். வசனம் முழுவதும் அவருடையது. அந்தக் காட்சி மனதில் நிற்பதற்கு பாதிக் காரணம் எதிரில் நிற்கும் கதிர்.

ஸ்ரேயா ரெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'திமிரு' ஈஸ்வரியாக 2006இல் கத்தி எடுத்துக்கொண்டு வந்தவரை அந்த ஒரு வேடத்துக்குள்ளேயே தமிழ் சினிமா அடைத்து வைத்துவிட்டது. 'சுழல்' அவருக்கு ஒரு சீருடையும் ஒரு மகனும் கொடுத்தது. அதிகாரியாகவும் அம்மாவாகவும் ஒரே உடம்பு இரண்டு பக்கம் இழுபடுவதை அவர் நடை வழியாகவே காட்டினார். அப்புறம் பார்த்திபன். வார்த்தைகளை வைத்து விளையாடாமல் அவரால் இரண்டு நிமிடம் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். இதில் தொழிற்சங்கத் தலைவராக, பெண்ணைத் தேடும் அப்பாவாக, அந்த விளையாட்டைப் பெரும்பாலும் பையில் போட்டுக்கொண்டார்.

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் சீசன் எனக்கு அந்த அளவு ஒட்டவில்லை. ஆரம்பம் பிரமாதம்: ஒரு வழக்கறிஞர் கொல்லப்படுகிறார், நான்தான் கொன்றேன் என்று பல பெண்கள் தனித்தனியாகச் சரணடைகிறார்கள். இதைவிட நல்ல முடிச்சு கிடைக்காது. ஆனால் அத்தனை பெண்களுக்கும் ஒவ்வொரு பின்கதை கொடுக்கப் போய், யார் பேசுவதையும் நிதானமாகக் கேட்க யாருக்கும் நேரமில்லாமல் போய்விட்டது. சக்கரை ஓடிக்கொண்டே இருக்கிறார். ஐஸ்வர்யா ராஜேஷ் சிறைக்குள் நன்றாகத்தான் செய்கிறார். ஆனாலும் ஐந்தாவது எபிசோட் வாக்கில் நான் திருவிழாவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன், கதையை அல்ல.

இங்கே ஒரு புலம்பல். தமிழ் வெப் சீரிஸ் என்றால் ஏன் எப்போதும் ஒரு பிணமும் ஒரு போலீஸ்காரரும்? பனி மூடிய மலை அல்லது காற்றாலை நிற்கும் சமவெளி, மேலே பறக்கும் ட்ரோன், கீழே ஜீப். செத்தது இளம்பெண். விசாரிக்கும் அதிகாரிக்கு வீட்டில் பிரச்சினை. முதல் எபிசோடில் நல்லவராக வரும் பெரிய மனிதரை ஆறாவது எபிசோடில் சந்தேகிக்க வேண்டும், ஏழில் அவர் இல்லை என்று தெரியும். இந்த வரிசை எனக்கு மனப்பாடம். எழுதுகிறவர்களுக்கு அது வசதி என்பது புரிகிறது. போலீஸ்காரர் யார் வீட்டுக் கதவை வேண்டுமானாலும் தட்டலாம், யாரை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். கதையை எட்டு எபிசோடுக்கு இழுக்க அதைவிட நல்ல சாவி கிடையாது. ஆனால் தட்டிய கதவுகளையே எத்தனை தடவை தட்டுவது?

புலம்பிவிட்டு, இதே அச்சில் வார்த்த ஒரு தொடரைத்தான் நான் அதிகம் பாராட்டப் போகிறேன். 2022 டிசம்பரில் வந்த 'வதந்தி'. ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கியது. மலைக்குப் பதில் கன்னியாகுமரி மாவட்டம், மற்றபடி அதே பிணம், அதே எஸ்.ஐ. ஆனால் அந்த எஸ்.ஐ. எஸ்.ஜே.சூர்யா.

எஸ்.ஜே.சூர்யாவை யாராவது அமைதிக்காக ஒப்பந்தம் செய்வார்களா? 'ஸ்பைடர்' படத்தில் அவர் சிரித்த சிரிப்பு, 'மாநாடு' படத்தில் அந்தப் போலீஸ் அதிகாரி ஒவ்வொரு தடவையும் எரிச்சல் கூடிக்கூடிக் கத்துவது, 'மார்க் ஆண்டனி'யில் எகிறிக் குதிப்பது, இதெல்லாம்தான் அவர் என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். எனக்கும் அது பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அவர் ஆரம்பித்தால் எதிரில் யார் இருந்தாலும் வேடிக்கை பார்க்கத்தான் வேண்டும். 'வதந்தி'யில் அது அப்படியே தலைகீழ். விவேக் என்ற அந்த அதிகாரியின் வேலையே உட்கார்ந்து கேட்பதுதான். செத்துப்போன வெலோனியைப் பற்றி ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறொன்று சொல்கிறார். ஒருவர் வாயில் அவள் அப்பாவி, அடுத்தவர் வாயில் அவள் கெட்டவள், மூன்றாவது ஆள் தன் கற்பனையையே சேர்த்துச் சொல்கிறார். அவளே நமக்குக் கிடைப்பதில்லை, அவளைப் பற்றிய பேச்சு மட்டும்தான் கிடைக்கிறது. சூர்யா அந்தப் பேச்சையெல்லாம் முகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறார். நடுநடுவே அவருக்கே உரிய ஒரு துடிப்பு எட்டிப் பார்க்கிறது, கழுத்தைச் சாய்ப்பார், குரல் ஒரு படி ஏறும், உடனே அடக்கிக்கொள்வார். கத்தத் தெரிந்தவர் கத்தாமல் இருப்பதில் ஒரு பதற்றம் இருக்கிறது. அது கத்தத் தெரியாதவரிடம் வராது. எப்போது வெடிக்கப் போகிறார் என்று நாம் பயந்துகொண்டே பார்க்கிறோம். வீட்டில் மனைவியாக வரும் ஸ்ம்ருதி வெங்கட் பேசும்போது அவர் கவனம் வேறெங்கோ இருக்கிறது. ஊரெல்லாம் பேசுவதைக் கேட்கிறவன் வீட்டில் கேட்பதில்லை என்பதைத் தனியாக எழுதிக் காட்டாமல் அவர் கண்ணே சொல்லிவிடுகிறது.

வெலோனியாக வந்த சஞ்சனா கிருஷ்ணமூர்த்தியை அதன் பிறகு 'லப்பர் பந்து'வில் துர்காவாகப் பார்த்தபோதுதான், முன்பு அவர் செய்தது எவ்வளவு சிரமமான வேலை என்று புரிந்தது. ஒரே பெண்ணாக, ஆனால் ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் வேறு பெண்ணாக இருக்க வேண்டும். லைலாவை அம்மா வேடத்தில் பார்க்க முதல் பத்து நிமிடம் மனசு ஒப்பவில்லை, அப்புறம் ஒப்புக்கொண்டது. எழுத்தாளராக நாசர் வரும் எபிசோடுகள் இழுவை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

விமலுக்கு 'விலங்கு' செய்தது இதே மாதிரியான நன்மை. 2022 பிப்ரவரியில் ஜீ5இல் வந்தது, இயக்கம் பிரசாந்த் பாண்டியராஜ். 'களவாணி'யின் துள்ளலை வைத்தே பல வருடம் ஓட்டிய முகத்தில் ஒரு களைப்பு வந்து சேர்ந்திருந்தது. தொடர் அந்தக் களைப்பைப் பயன்படுத்திக்கொண்டது. தூக்கமில்லாத எஸ்.ஐ., வீட்டில் கர்ப்பிணி மனைவி, ஸ்டேஷனில் தீராத வேலை. பால சரவணன் அதில் சிரிப்புக் காட்டுவதற்காக வரவில்லை, போலீஸ்காரராக வருகிறார். ஆனால் 'விலங்கு' பார்த்த யாரிடம் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: கிச்சா. ரவி என்ற நடிகர் அந்த ஒரு வேடத்தில் தொடரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது அவரைக் கிச்சா ரவி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு மேல் சொன்னால் பார்க்காதவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

இங்கேதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. நகைச்சுவை நடிகர்களும் துணை நடிகர்களும் ஓடிடியில் ஏன் இவ்வளவு எளிதாக நாயகர்களாகிவிடுகிறார்கள்? அவர்கள் இருபது வருடமாகச் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். நாயகன் பேசுவான், பக்கத்தில் நிற்பவர் முகம் காட்ட வேண்டும். பஞ்ச் வசனத்துக்குப் பிறகு கேமரா அரை விநாடி அவர் பக்கம் திரும்பும், அந்த அரை விநாடியில் அவர் ஏதாவது செய்தாக வேண்டும். பிழைப்பே கேட்பதில் இருந்தது. நாயகர்களுக்கு அந்தப் பயிற்சி கிடையாது. அவர்கள் பேச மற்றவர்கள் கேட்டுத்தான் பழக்கம்.

சரவணன் இதற்குச் சரியான உதாரணம். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் 'வைதேகி வந்தாச்சு' மாதிரி படங்களில் நாயகனாக வந்தவர். அப்புறம் ஒரு நீண்ட மௌனம். 2007இல் 'பருத்திவீரன்' சித்தப்பு செவ்வாழையாக வந்தபோது பலருக்கு அவர் புதுமுகம் மாதிரியே தெரிந்தார். அதன் பிறகும் யாருக்காவது சித்தப்பா, யாருக்காவது மாமா. 2025 ஜூலையில் ஜீ5இல் 'சட்டமும் நீதியும்' வந்தது, பாலாஜி செல்வராஜ் இயக்கம். அதில் சுந்தரமூர்த்தி என்ற வழக்கறிஞர் அவர். பெரிய வழக்கு எதுவும் வாதாடாதவர். நீதிமன்றத்துக்கு வெளியே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவர். தன் பெண்ணைக் காணவில்லை என்று சொல்லி யாரும் காது கொடுக்காத ஒரு தகப்பன் அதே வளாகத்தில் தீக்குளிக்கிறான். சுந்தரமூர்த்தி அந்த வழக்கை எடுக்கிறார். கதை பழையது, முடிவை நோக்கிப் போகப் போக வசனங்களில் மேடைத்தனம் ஏறுகிறது. ஆனால் சரவணனின் தோள்களைப் பாருங்கள். தொடர் முழுவதும் அந்தத் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கின்றன. ஒரு நாயகனுக்கு இப்படி வேடம் கொடுத்திருந்தால் இரண்டாவது எபிசோடிலேயே நெஞ்சை நிமிர்த்தி ஸ்லோமோஷனில் நடந்திருப்பார். எபிசோடுகள் சின்னவை, அதுவும் ஒரு புண்ணியம்.

போலீஸ் இல்லாத தொடர் எதுவும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 'அயலி'. 2023 ஜனவரி 26 அன்று ஜீ5இல் வந்தது, முத்துக்குமார் இயக்கியது. வயதுக்கு வந்தால் பள்ளிக்கூடம் நிறுத்தம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் ஒரு கிராமத்தில், தமிழ்ச்செல்வி என்ற பெண் வயதுக்கு வந்ததை மறைத்துப் படிக்கிறாள். கதை தொண்ணூறுகளின் புதுக்கோட்டைப் பக்கத்தில் நடக்கிறது. இந்த ஒரு வரியை யாரிடம் சொன்னாலும் பிரச்சாரம் போலிருக்கிறதே என்று பின்வாங்குவார்கள். உட்கார்ந்து பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மறைக்க வேண்டியது இவ்வளவு பெரிய விஷயம், மறைக்க வேண்டிய ஊர் அவ்வளவு சின்னது என்பதே போதும், ஒவ்வொரு காட்சியும் மாட்டிக்கொள்வாளா மாட்டாளா என்று ஓடுகிறது. அபி நட்சத்திரா அந்தப் பெண். அம்மா குருவம்மாளாக அனுமோள். அம்மாவுக்கு உண்மை தெரிந்த பிறகு தொடர் வேறொரு தளத்துக்குப் போகிறது. ஊருக்குப் பயந்தவள், புருஷனுக்குப் பயந்தவள், மகளுக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்கிறாள். அனுமோள் பொய் சொல்லும்போது கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிப்பது இருக்கிறதே, சமீப காலத்தில் தமிழ்த் திரையில் பார்த்த நல்ல நடிப்புகளில் அதற்கு என் பட்டியலில் முதல் மூன்றுக்குள் இடம். இத்தனைக்கும் எபிசோடுக்கு அரை மணி நேரம்தான். பிணம் விழவில்லை, ட்ரோன் அதிகம் பறக்கவில்லை, அடுத்த எபிசோடை நிறுத்தவும் முடியவில்லை. இதைப் பார்த்துவிட்டு ஏன் பத்துப் பேர் இந்த வழியில் வரவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

நீளம் பற்றிச் சொன்னேன். பல தொடர்கள் நான்கு எபிசோடுக்கான கதையை எட்டாக நீட்டுகின்றன. நெட்ஃபிளிக்ஸில் 2025 மார்ச்சில் வந்த பிரிட்டிஷ் தொடர் 'அடோலசன்ஸ்' நான்கே எபிசோட். ஒவ்வொன்றும் வெட்டே இல்லாத ஒரே ஷாட். பதின்மூன்று வயதுப் பையன் கொலைக் குற்றத்தில் கைதாகிறான். செய்தானா என்ற கேள்வி சீக்கிரமே முடிந்துவிடுகிறது, ஏன் என்பது மட்டும் மீதி. மூன்றாவது எபிசோடில் ஒரு அறை, அந்தப் பையன், ஒரு மனநல நிபுணர். ஓவன் கூப்பரும் எரின் டோஹர்ட்டியும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவு நேரம் கேமரா வெட்டாது என்றால், பேசாதபோது சும்மா இருக்க முடியாது. இருவருக்கும் எம்மி விருது கிடைத்தது, அப்பாவாக வந்த ஸ்டீபன் கிரஹாமுக்கும் கிடைத்தது. ஒரே ஷாட் என்பதை ஒரு வித்தையாகப் பேசுகிறார்கள். எனக்கு அது நடிகர்களைத் தப்பிக்க விடாமல் பூட்டி வைத்த ஒரு வழியாகத்தான் தெரிந்தது. இந்தியில் 'பாதாள் லோக்' ஜெய்தீப் அஹ்லாவத், மலையாளத்தில் 'கேரளா கிரைம் ஃபைல்ஸ்' இரண்டாம் சீசன், இரண்டையும் போலீஸ் கதை என்று தெரிந்தே பார்க்கலாம். இரண்டிலும் விசாரிக்கிறவர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். நம்மூர்த் தொடர்களில் பல அதிகாரிகள் பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

இனி படங்கள். தியேட்டரில் தடுமாறி வீட்டில் உயிர் பெற்ற படங்கள் என்று ஒரு ரகம் இருக்கிறது. அதில் முதலாவது 'மெய்யழகன்'. 2024 செப்டம்பர் 27 வெளியீடு. மூன்று மணி நேரத்தைத் தொடுகிறது, நீளம் அதிகம் என்று புகார் வந்து, வெளியான சில நாட்களில் பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள். அடுத்த மாதம் நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் அதே படத்தை மொழி தெரியாதவர்கள்கூட அழுதுகொண்டு பார்த்தார்கள். காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் படத்தின் நாயகன் பேசுகிறவன் அல்ல, கேட்கிறவன்.

சுவரொட்டியில் கார்த்தி பெரிதாக இருக்கலாம், வாய் மூடாமல் பேசுவதும் அவர்தான். அத்தான் அத்தான் என்று உயிரை விடுகிறார். ஆனால் படம் நடப்பது அரவிந்த்சாமியின் முகத்தில். இவ்வளவு அன்பாகப் பேசுகிற இவன் யார், இவன் பெயர் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். தெரிந்த மாதிரியே தலையாட்டிக்கொண்டு இரவு முழுவதும் கேட்க வேண்டிய நிலை. ஒரு நடிகருக்கு இதைவிட நல்ல பரீட்சை எழுத முடியாது. பொய்யாகக் கேட்பவன் எந்த நிமிடத்தில் நிஜமாகவே கேட்க ஆரம்பிக்கிறான் என்பதுதான் முழுக் கதையும். அதை இயக்குநர் பிரேம்குமார் எந்த வசனத்திலும் வைக்கவில்லை, அரவிந்த்சாமியிடம் விட்டுவிட்டார். கல்யாண மேடையில் தங்கை அந்தப் பரிசுப் பெட்டியை எல்லோர் முன்னாலும் பிரித்துப் பார்க்கும் காட்சியிலும் பாருங்கள், அவர் பேசுவது சொற்பம். தியேட்டரில் முன்வரிசையில் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தால் இந்தப் படம் செத்தது. வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. வெட்டியதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. பேசிக்கொண்டே இருப்பதுதான் கதை என்னும்போது பேச்சு அதிகம் என்று எப்படி வெட்டுவது?

கார்த்திக்கும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். இந்தத் தலைமுறை முன்னணி நாயகர்களில் தன் படத்தில் இன்னொருவரை இவ்வளவு தூரம் நிற்க விடுபவர் அவர் மட்டும்தான் என்று தோன்றுகிறது.

'கொட்டுக்காளி' இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அன்னா பென் படம் முழுவதும் கிட்டத்தட்டப் பேசவே மாட்டார். பின்னணி இசையும் கிடையாது. ஆட்டோவில் ஒரு குடும்பம் போய்க்கொண்டே இருக்கிறது, சுற்றி எல்லோரும் அவரைப் பற்றி, அவருக்காக, அவர் மேல் பேசுகிறார்கள். கேட்பது எப்படி மறுப்பாக முடியும் என்று இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் காட்டியிருக்கிறார். சூரிக்கு அதில் தொண்டை கட்டிய குரல். பேச நினைத்தாலும் சத்தம் வராத கோபக்காரன். 'வெண்ணிலா கபடி குழு'வில் பரோட்டா எண்ணிக்கையால் பெயர் வாங்கிய மனிதர். 2023இல் 'விடுதலை' முதல் பாகத்தில் மன்னிப்புக் கேட்க மறுத்துத் தண்டனையை வாங்கிக்கொண்டே இருக்கும் காவலர் குமரேசனாக நின்றபோதே எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. ஆனால் இப்போது அவர் 'மாமன்' வகைப் படங்கள் பக்கம் நகர்வதைப் பார்த்தால் சின்னக் கவலை. கண்ணீர் அதிகமாகிவிட்டால் கேட்பது குறைந்துவிடும். 'கொட்டுக்காளி' முடியும் இடம் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். எனக்குப் பிடித்தது.

எம்.எஸ்.பாஸ்கருக்கு 'பார்க்கிங்' படத்துக்காகத் தேசிய விருது கிடைத்த செய்தி 2025 ஆகஸ்டில் வந்தபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு கார் நிறுத்தும் இடத்துக்காக இரண்டு பேர் மிருகமாகும் கதை. ஹரிஷ் கல்யாண் கத்தும்போது பாஸ்கரின் தாடை மட்டும் அசையும். அந்தத் தாடைக்கே விருது கொடுக்கலாம்.

பெரிய நட்சத்திரங்கள் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லையே என்று கேட்பீர்கள். சரி. விஜய் சேதுபதி. 'மகாராஜா' அவரது ஐம்பதாவது படம். குப்பைத்தொட்டியைக் காணவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும் சவரத்தொழிலாளி. அறை வாங்கிக்கொண்டே, திட்டு வாங்கிக்கொண்டே நிற்கிறார். முகத்தில் எதுவும் ஓடுவதில்லை. அந்த வெறுமைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கடைசி அரை மணி நேரம் வரை இயக்குநர் நிதிலன் மூடி வைத்திருக்கிறார். 2024இல் சீனத் தியேட்டர்கள் வரை போய் ஓடிய படம் அது. இதே மனிதர் வேறு சில படங்களில் தன் குரலையே ரசித்துக்கொண்டு பேசுவதும் உண்டு, அப்போதெல்லாம் என் விரல் ரிமோட்டுக்குப் போய்விடும். சூர்யா (எஸ்.ஜே.சூர்யா அல்ல, 'ஜெய் பீம்' சூர்யா) இன்னும் விசித்திரம். 'ஜெய் பீம்' 2021 நவம்பரில் நேராக ஓடிடிக்கு வந்த படம். அதில் செங்கேணியாக லிஜோமோள் ஜோஸ் பேசும் காட்சிகளில் சூர்யா தன்னை முழுவதும் ஓரமாக ஒதுக்கிக்கொள்கிறார். படத்தின் பலமே அந்த ஒதுங்கல்தான். மூன்று வருடம் கழித்து 'கங்குவா'. திரையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், கேட்க ஒரு ஆள்கூட மிச்சமில்லை. சத்தம் அதிகம் என்ற புகாரே தலைப்புச் செய்தியானது. வீட்டில் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். குறைத்த பிறகு திரையில் வேறு எதுவும் இருக்கவில்லை.

சாய் பல்லவி பற்றி நீளமாக எழுத ஆசை, ஆனால் அவரைப் பற்றி எழுதாதவர்கள் யார்? 'அமரன்' படத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் இருக்கும் காட்சிகளை மட்டும் திரும்பப் பாருங்கள், போதும்.

மிச்சமிருப்பது மணிகண்டன். 'ஜெய் பீம்' ராஜாகண்ணு, 'குட் நைட்' மோகன், 'லவ்வர்' அருண், 'குடும்பஸ்தன்' நவீன். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் தெருவில் பார்த்தால்கூட அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள். 'விக்ரம் வேதா'வுக்கு வசனம் எழுதியவர் என்பதால் இருக்கலாம், அடுத்தவர் வசனத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'குட் நைட்'டில் குறட்டை விடுகிறவன் அவன், அவமானம் அவனுக்கு. ஆனால் தூக்கத்தைத் தொலைத்த மீத்தா ரகுநாத் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது, அந்த ஒன்றும் சொல்லாததையும் அவர் கேட்கிறார். கோபக்காரக் காதலனாக 'லவ்வர்' செய்தபோது எதையுமே காதில் வாங்காதவனாக இருந்தார், அதுவும் அதே துல்லியத்தோடு.

இவரை வைத்து யாராவது ஆறு எபிசோடில் ஒரு தொடர் எடுக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. ஒரே வீடு போதும். போலீஸ் வேண்டாம், திருவிழா வேண்டாம், யாரும் சாக வேண்டாம். அனுமோளுக்கு அக்கா வேடம், மாடியில் எம்.எஸ்.பாஸ்கர், யார் பேச்சையும் கேட்காத மாமாவாக எஸ்.ஜே.சூர்யா. ட்ரோன் வாடகை மிச்சமாகும் என்பதைத் தயாரிப்பாளர்கள் கவனிக்கவும்.